வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து திறந்தால் திரை ஏன் கறுக்கிறது?

கேள்வியின் சாரம் இது. திருச்சி வீட்டில் விண்டோஸ் 11 உள்ள ஒரு டெஸ்க்டாப் கணினி இருக்கிறது. கேட்பவருக்குப் பெங்களூரில் வேலை. இரவு நேரங்களில் லேப்டாப்பிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைகிறார். வீட்டில் மானிட்டர் இருந்தவரை எழுத்துகள் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவுக்குச் சிறிதாகத் தெரிந்தன, எப்படியோ சமாளித்தார். பிறகு தம்பி அந்த மானிட்டரைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சில நாள் வெறும் கறுப்புத் திரை, சில நாள் 1024-க்கு 768 அளவில் ஒரு சின்னக் கட்டம். தொலைவிலிருந்து நுழைய உதவும் ரிமோட் செயலியை மாற்றினார், கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி மறுபடி போட்டார். பலன் இல்லை.

செயலியையும் டிரைவரையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இப்படிப்பட்ட கோளாறுகளில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் பார்க்கும் படம் எதற்காக வரையப்பட்டது? வீட்டு மானிட்டருக்காக வரைந்ததை உங்களுக்கு நகல் எடுத்து அனுப்புகிறதா, அல்லது உங்களுக்கென்றே தனியாக ஒரு திரை வரையப்படுகிறதா? இது தெரியாமல் எந்த செட்டிங்ஸைத் தொட்டாலும் இருட்டில் துழாவுவதுதான்.

தனித்திரை வரைவது மைக்ரோசாஃப்ட்டின் ரிமோட் டெஸ்க்டாப். 1998-இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வரோடு வந்த ஆர்டிபி நெறிமுறைதான் இதன் அடிப்படை. 2001-இல் எக்ஸ்பி புரொஃபஷனல் வழியாகச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. இதில் லேப்டாப் இணையும்போதே தன் திரை எத்தனை அகலம், எத்தனை உயரம், எழுத்துகள் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று சொல்லிவிடும். வீட்டுக் கணினி அந்த அளவுக்கு ஒரு மெய்நிகர்த் திரையை உருவாக்கி அதில் வரையும். அங்கே மானிட்டர் இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. இருந்தால் அதில் பூட்டுத் திரை மட்டும் தெரியும்.

நகல் எடுப்பவை மற்றதெல்லாம்: எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க், விஎன்சி வகைகள். வீட்டு மானிட்டருக்கென்று கிராபிக்ஸ் கார்டு வரைந்து முடித்த படத்தைத்தான் இவை பிடித்து அனுப்புகின்றன. வரையப்படவே இல்லை என்றால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் கறுப்புத் திரையின் கதை இவ்வளவுதான். செயலியை மாற்றியும் பலன் இல்லாததற்குக் காரணம், நீங்கள் மாற்றிப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்ததாக இருந்திருக்கும்.

மானிட்டர் போனதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் மருந்தும் தானாகவே புரியும். எச்டிஎம்ஐ கேபிளில் 19 ஊசிகள் உண்டு. கணினி 18-ஆவது ஊசி வழியாக 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும். மறுமுனையில் மானிட்டர் இருந்தால் 19-ஆவது ஊசியில் ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் வரும். அதன் பின் கணினி மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிறிய நினைவகச் சில்லைப் படிக்கும். தயாரிப்பாளர் யார், எந்தெந்தத் தெளிவுத்திறன் ஓடும், நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதெல்லாம் அதில் 128 பைட்டில் எழுதியிருக்கும்; புதிய மானிட்டர்களில் அதற்கு மேலும் ஒன்றிரண்டு துண்டுகள் சேரும். இதற்கு எடிட் (EDID) என்று பெயர். உங்கள் வீட்டில் இப்போது 19-ஆவது ஊசி மௌனம். படிப்பதற்கு எடிட்டும் இல்லை. ஆகவே சில கார்டுகள் வெளியீட்டையே நிறுத்திவிடும், வேறு சில எதற்கும் இருக்கட்டும் என்று 1024-க்கு 768 அல்லது 640-க்கு 480 அளவில் ஒரு திரையை வைத்துக்கொள்ளும். நீங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறீர்கள்.

நகல் எடுக்கும் செயலியைத்தான் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், எளிய வழி எச்டிஎம்ஐ டம்மி பிளக். கட்டைவிரல் அளவில் ஒரு முனை. உள்ளே மானிட்டர் கிடையாது. அந்த எடிட் சில்லும், 19-ஆவது ஊசிக்குப் பதில் சொல்லும் சிறு சுற்றும் மட்டும் இருக்கும். கணினிக்குப் பின்னால் செருகிவிட்டால் அசல் மானிட்டர் இருப்பதாக நம்பி முழுப்படம் வரையத் தொடங்கிவிடும். இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்பாவிடம் போனில் சொல்லிச் செருகச் செய்துவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. எச்டிஎம்ஐக்கு முந்தைய விஜிஏ கேபிள் காலத்தில் இதற்காக மூன்று 75 ஓம் மின்தடைகளை 1-6, 2-7, 3-8 என்று ஊசித்துளைகளில் வளைத்துச் செருகுவார்கள். அதுவும் வேலை செய்தது, ஆனால் போனில் அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்கிற காரியம் அல்ல.

பிளக்கிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தக் கார்டில் உள்ள துளையில்தான் செருக வேண்டும். பின்பக்கம் மேலே, கீபோர்டு, யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுக்குச் சொந்தமானது; கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருக்கும் வரிசைதான் கார்டு. அடுத்தது, இந்தப் பிளக்குகள் பலவும் தங்களை 4கே மானிட்டர் என்று சொல்லிக்கொள்கின்றன. விண்டோஸ் அதை நம்பி 3840-க்கு 2160-இல் வரைய ஆரம்பிக்கும்; உங்கள் லேப்டாப்பில் எழுத்து முன்பைவிடச் சிறுத்து, இணைப்பும் தவழும். முதல்முறை உள்ளே போனதும் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1920-க்கு 1080 என்று குறைத்துவிடுங்கள்.

தம்பி மனம் மாறி மானிட்டரைத் திரும்ப மாட்டினால் இன்னொரு சங்கடம் வரும். கணினிக்கு இப்போது இரண்டு திரை. ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. வீட்டில் யாராவது பிரவுசரைத் திறந்தால் அது அந்த மாயத் திரையில் போய்த் திறக்கும், ‘கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை’ என்று உங்களுக்குப் போன் வரும். விண்டோஸ் விசையோடு பி அழுத்தி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் ஒரே படம்.

பிளக்குக்குப் பதிலாக மெய்நிகர் மானிட்டர் டிரைவர் என்று மென்பொருளாகவும் கிடைக்கிறது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இதற்கான வழியை மைக்ரோசாஃப்ட்டே திறந்துவிட்டிருக்கிறது. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏதோ ஓர் அப்டேட்டில் அது செயல்படாமல் போனால், சரிசெய்ய உள்ளே போகும் வழியே அந்த டிரைவர்தான். ஊரில் இல்லாதவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பிளக்குக்கு அப்டேட் கிடையாது.

மானிட்டர் மாட்டியிருந்தும் கறுப்பாக வரும் வீடுகளும் உண்டு; அங்கே காரணம் வேறு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்த மானிட்டர்கள் பலவற்றைச் சுவிட்சில் அணைத்தால், கேபிளைப் பிடுங்கியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். பிறகு நிலைமை மேலே சொன்னதேதான். வீட்டில் உள்ளவர்கள் இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். யாராவது விண்டோஸ் விசை, பி அழுத்தி ‘இரண்டாவது திரை மட்டும்’ என்று விட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது, குறிப்பாக ஒரு மென்பொருளை நிறுவ முயலும் நொடியில் திரை உறைந்தோ கறுத்தோ போனால் அது கோளாறே அல்ல. ‘இந்தச் செயலி மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா’ என்ற கேள்வியை விண்டோஸ் தனியான, பாதுகாக்கப்பட்ட திரையில் காட்டுகிறது. சாதாரண உரிமையில் ஓடும் செயலிக்கு அந்தத் திரையைப் பார்க்க அனுமதி இல்லை. விண்டோஸின் தொலை உதவிச் செயலியான குவிக் அசிஸ்டில் உதவி செய்பவர்கள் இதில்தான் அடிக்கடி சிக்குவார்கள். மறுமுனையில் இருப்பவர் ‘யெஸ்’ அழுத்தும் வரை காத்திருக்க வேண்டும். எனிடெஸ்க் போன்றவற்றை டவுன்லோடு செய்து அப்படியே ஓட்டாமல், முறையாக இன்ஸ்டால் செய்துவிட்டால் அவை சிஸ்டம் சேவையாக ஓடும். அந்தக் கேள்வியும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதுகாப்புத் திரையையே நிறுத்திவிடச் சொல்லி யோசனை தருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

படம் ஓடும் தளங்களில் காட்சிப் பகுதி மட்டும் கறுப்பாக வந்தால் அது நகல் தடுப்பு. அதைத் தேடித் திருத்த ஒன்றும் இல்லை.

ஆர்டிபியிலும் கறுப்புத் திரை வரும், காரணம் வேறு. கடவுச்சொல் போட்டு உள்ளே போன பிறகு மவுஸ் அம்பு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் கறுப்பாக இருந்தால், டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ்புளோரர் கிளம்பவில்லை என்று பொருள். கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெலீட் அல்ல, டெலீட் அழுத்தினால் உங்கள் லேப்டாப்பின் மெனுதான் வரும். அதில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் ‘எக்ஸ்புளோரர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். அம்பும் இல்லாமல் முழுக் கறுப்பு என்றால், வீட்டுக் கணினியின் குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக விதிகளை மாற்றும் இடம்) ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதற்குள் செஷன் ஹோஸ்ட், அதற்குள் ரிமோட் செஷன் என்விரான்மென்ட் வரை போங்கள். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளுக்கு டபிள்யூடிடிஎம் கிராபிக்ஸ் டிரைவரைப் பயன்படுத்தும்படி ஒரு வரி இருக்கும். அதை ‘டிசேபிள்’ செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்குப் பிறகு பல கணினிகளில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்தது.

இரண்டு வகையையும் கலந்து பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டிபியில் நுழைந்து வெறுமனே இணைப்பைத் துண்டித்தால் வீட்டுக் கணினி பூட்டுத் திரையில் நிற்கும். அதற்குப் பின் எனிடெஸ்கில் போனால் பூட்டுத் திரைதான் வரும். கடவுச்சொல் போட்டு உள்ளே போங்கள், திறந்து வைத்தவை எல்லாம் அப்படியே இருக்கும்.

இனி சின்ன எழுத்து. நகல் எடுக்கும் வகையில், வீட்டில் 27 அங்குல மானிட்டருக்காக வரைந்த படம் உங்கள் 14 அங்குல லேப்டாப்புக்குள் சுருங்கி அடைகிறது. எழுத்தும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். லேப்டாப்பில் எதைத் திருகினாலும் இது மாறாது, ஏனென்றால் எழுத்து வரையப்பட்டது திருச்சியில். வீட்டுக் கணினியின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேல் என்பதை 100-இலிருந்து 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். தெளிவுத்திறனைக் குறைப்பதைவிட இது மேல். எழுத்தின் விளிம்பு கூராகவே இருக்கும். மானிட்டரே இல்லாத உங்கள் நிலையில் இன்னும் சுலபம்: டம்மி பிளக்கின் தெளிவுத்திறனை லேப்டாப்பின் தெளிவுத்திறனுக்குச் சமமாக, அல்லது அதே நீள அகல விகிதத்தில் வைத்துவிட்டால் ஓரங்களில் கறுப்புப் பட்டையும் வராது.

ஆர்டிபியில் இந்தத் தொல்லை குறைவு. லேப்டாப்பின் ஸ்கேலையே அது எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய கணக்கு மென்பொருள்கள் சில அந்த ஸ்கேலை மதிக்காமல் எல்லாவற்றையும் கலங்கலாகக் காட்டும். அந்த மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, ‘ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்று போய், மேலெழுதும் தேர்வில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்பதை வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவை தெளியும். மீதியை அப்படியே சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்டிபிக்கு இன்னொரு குணம் உண்டு. லேப்டாப்பின் சிறிய திரைக்கேற்ப டெஸ்க்டாப்பைச் சுருக்கியதால், நீங்கள் ஊருக்குப் போய் நேரில் உட்காரும்போது ஐகான்கள் ஒரு மூலையில் குவிந்தும் ஜன்னல்கள் இடம் மாறியும் இருக்கும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். திரைக்கு வெளியே போய்விட்ட ஜன்னலை விண்டோஸ் விசை, இடது அம்பு இரண்டையும் சேர்த்து அழுத்தித் திரும்பக் கொண்டுவரலாம்.

எழுத்து சிறிதாகவும் இல்லை, திரை கறுப்பாகவும் இல்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது என்றால் இப்படிச் சோதியுங்கள். நோட்பேடில் வெள்ளையில் கறுப்பாக நான்கு வரி தட்டுங்கள். பக்கத்திலேயே கருநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வரும்படி எதையாவது திறந்து வையுங்கள். கறுப்பு எழுத்து கூராகவும் சிவப்பு மட்டும் ஓரம் கசிந்தது போலவும் தெரிந்தால் இணைப்பு வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையை வீடியோவாகச் சுருக்கும்போது ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று அனுப்புவது வழக்கம். 4:2:0 என்று இதைக் குறிப்பார்கள். சினிமாவுக்கு இது போதும், மெல்லிய சிவப்புக் கோட்டுக்குப் போதாது. ஆர்டிபியில் இதற்கென்றே ஏவிசி 444 முறை இருக்கிறது. குரூப் பாலிசியில் அதற்கு முன்னுரிமை தரும் வரியை இயக்குங்கள். மற்ற செயலிகளில் படத்தின் தரத்தை ‘சிறந்தது’ என்ற நிலைக்கு ஏற்றிப் பாருங்கள்.

இரண்டு எழுத்துமே மங்கலாக இருந்து, திரையை அசைக்காமல் விட்டால் இரண்டு நொடியில் தெளிகிறது என்றால், அது வேகக் குறைவேதான். 1920-க்கு 1080 திரையைச் சுருக்காமல் நொடிக்கு 60 படமாக அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 3 ஜிகாபிட் ஆகும். அதை சில மெகாபிட்டுக்குள் அடக்கி அனுப்புகிறார்கள். இங்கே முக்கியம் வீட்டின் பதிவேற்ற வேகம். பெங்களூரில் எத்தனை வேகமான பதிவிறக்கம் வைத்திருந்தாலும் பயன் இல்லை. வீட்டுக் கணினி வைஃபையில் இருந்தால் கேபிளுக்கு மாற்றுங்கள், வால்பேப்பரை ஒரே நிறமாக்குங்கள், நொடிக்கு 30 படம் போதும் என்று வையுங்கள். தெளிவுத்திறனைக் கடைசியாகத் தொடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. உபுண்டு இப்போது வேலேண்ட் என்ற முறையில் திரையை வரைகிறது. ஒரு செயலி மற்றவற்றின் திரையைக் கேட்காமல் பிடிக்க அது விடாது. பழைய ரிமோட் செயலிகள் அதனால்தான் கறுப்பைக் காட்டுகின்றன. உபுண்டு 24.04 பதிப்பில் லாகின் திரையின் பல்சக்கர ஐகானில் பழைய முறையான ‘உபுண்டு ஆன் எக்ஸார்க்’ தேர்ந்தெடுத்தால் அவை ஓடும். ஆனால் 25.10-இல் அந்த வழியையே எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் உள்ள ரிமோட் லாகின் வசதிக்கு மாறிவிடுவது நல்லது. அது ஆர்டிபி முறையில் தனித்திரை வரைகிறது, மானிட்டரும் தேவையில்லை. மேக் கணினியில் வால்பேப்பர் மட்டும் தெரிந்து ஜன்னல்கள் தெரியாவிட்டால், ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி தரவில்லை என்று பொருள். 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து அது கட்டாயம்.

இனி உங்கள் கணினிக்கு வருகிறேன். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் உங்களுடையது விண்டோஸ் ஹோமா, புரோவா என்று பாருங்கள். புரோ என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்குங்கள். மானிட்டரும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம், எழுத்தும் சரியான அளவில் வரும். ஹோமில் இருந்து வேறு கணினிக்குள் போகலாமே தவிர ஹோமுக்குள் ஆர்டிபியில் வர முடியாது. அதை ஏமாற்றி வரவைக்கும் ஒட்டுமென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் உடையும், நீங்களோ பெங்களூரில் இருப்பீர்கள். ஹோம் என்றால் பிளக்கை வாங்கி அனுப்பிவிட்டு, இப்போது இருக்கும் செயலியையே முறையாக இன்ஸ்டால் செய்து பயன்படுத்துங்கள்.

ஆர்டிபியை இயக்கினால் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். அந்த எண்ணைத் தேடியே உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன் (பாதுகாக்கப்பட்ட தனி வழி) போட்டு அதன் வழியாக உள்ளே போங்கள். அத்தோடு அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) ‘ஏசி பவர் லாஸ்’ என்று வரும் வரியைத் தேடி ‘பவர் ஆன்’ ஆக்கிவிடுங்கள், ஸ்லீப்பையும் ‘நெவர்’ ஆக்குங்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் கணினி தானாகவே எழுந்துகொள்ளும். சுவிட்சைப் போடச் சொல்லி யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிராது.